கொலைகாரன் வாய் திறந்தால் மழை

கன்னத்தில் மிளகளவு ஒரு மருவை ஒட்டி, மெல்லிசாக ஒரு மீசையும் வைத்துவிட்டால் ஜெய்சங்கரை யாருக்கும் அடையாளம் தெரியாது. கூட வேலை பார்க்கும் போலீஸ்காரருக்குத் தெரியாது. காதலிக்குத் தெரியாது. நாலு ரீலாக அவரைக் கொல்லத் தேடிக்கொண்டிருக்கும் வில்லனுக்குச் சுத்தமாகத் தெரியாது. வண்டிப்பெரியார் கொட்டகையில் தரை டிக்கெட்டில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்த எங்களுக்கு மட்டும் தெரியும். இன்றைக்கு ரயில்வே ஸ்டேஷன் கேமரா முகக்கவசத்துக்கு மேலே தெரியும் இரண்டு கண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடுகிறதாம். அதில் ஒன்றை அன்றைக்கு அந்த வில்லன்களில் ஒருவனுக்கு யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும், எங்கள் காசு வீணாகியிருக்கும்.

நான் சொல்வது 1970-களின் முற்பகுதி. எங்கள் இடுக்கி மாவட்டமே 1972 ஜனவரி 26-ல்தான் பிறந்தது. அதுவரை நாங்கள் கோட்டயம் மாவட்டத்துக்காரர்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது எங்கள் பீர்மேட்டையும் தேவிகுளத்தையும் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், நடக்கவில்லை, கேரளத்தோடு போனோம். நடக்காததில் யாருக்கு என்ன நஷ்டமோ, எங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஒரே தகரக் கொட்டகையில் ஒரு வாரம் ஜெய்சங்கர் துப்பறிவார், மறுவாரம் மலையாளத்தில் பிரேம் நசீர் துப்பறிவார். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பாஷையும் வரும் என்பதால் எந்த வாரமும் வேலையில்லாத வாரமில்லை.

1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம், ஆர். சுந்தரம் இயக்கியது. அதில் நடித்த சகுந்தலாவின் பெயரோடு அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். 2024-ல் அவர் காலமானபோதும் பத்திரிகைகள் சி.ஐ.டி. சகுந்தலா என்றுதான் போட்டன. 1971-ல் மலையாளத்தில் பி. வேணு 'சி.ஐ.டி. நசீர்' எடுத்தார். சி.ஐ.டி. என்பது ஓர் உத்தியோகம் என்றே எங்களுக்குத் தெரியாது. மலையாளத்துக்காரர்கள் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயரின் எழுத்துகளைப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அந்த மாதிரி நசீர் வீட்டுப்பெயர் போலிருக்கிறது, ஜெய்சங்கர் அவருக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று முடிவு செய்திருந்தோம்.

இந்தப் படங்களின் பட்ஜெட்டை எங்களால்கூடக் கணக்குப் பார்த்துவிட முடியும். வில்லனின் குகை ஒன்று. அதில் சுழலும் நாற்காலி ஒன்று. சுவரில் அணைந்து அணைந்து எரியும் விளக்குகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தார்களா பச்சை சுற்றியிருந்தார்களா என்று நாங்கள் அடித்துக்கொண்டிருக்கிறோம். மெட்டுக்கும் பெரிய செலவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸின் இசையமைப்பாளர் வேதா இந்தி மெட்டுகளைத் தமிழுக்குப் பெயர்த்துக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவர். கேரளத்தில் ஒரு படி மேலே போனார்கள். 1969-ல் ஏ. பி. ராஜ் எடுத்த 'கண்ணூர் டீலக்ஸ்' படத்துக்கு, திருவனந்தபுரத்திலிருந்து கண்ணூருக்குப் போகும் அரசாங்க பஸ்தான் செட்டு. பஸ்சுக்குள் பணம் தொலைகிறது. நசீர், ஷீலா, அடூர் பாசி எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். பஸ் போகிறது, படமும் போகிறது. டிரைவருக்குக் கொடுத்த படிக்காசு போக மிச்சமெல்லாம் லாபமாகத்தான் இருந்திருக்கும் என்பது எங்கள் வட்டாரத்து மதிப்பீடு.

அந்தக் காலத்து வில்லன்கள் ஏன் தங்கத்தின் மேல் அப்படி விழுந்து கிடந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வீட்டில் தங்கக் கட்டி வைத்திருந்தாலே குற்றம். 1990-ல் அதை ரத்து செய்யும்வரை கள்ளக்கடத்தல்காரனுக்கு நாட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை, சினிமாவிலும் இல்லை. பிஸ்கட் என்றால் அப்போது தின்பதற்கு மட்டும் உள்ளதல்ல. 'டேஞ்சர் பிஸ்கட்' என்றே ஒரு நசீர் படம் வந்தது. சட்டத்தை ரத்து செய்தார்கள், வில்லன்களுக்குப் பிழைப்பு போயிற்று. இப்போது அதே தங்கத்தை நகைக்கடைக்காரர்கள் டிவியில் சிரித்துக்கொண்டே விற்கிறார்கள்.

பேய்ப் படமென்றால் பேய் இருக்காது. வெள்ளைப் புடவையில் பாடிக்கொண்டே போகும் பெண்ணைத் துரத்திப் போனால் பங்களாவின் நிலவறையில் நாலு பேர் கள்ளநோட்டு அடித்துக்கொண்டிருப்பார்கள். இது நம்மவர்கள் கண்டுபிடித்த சிக்கனம் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் மோனோகிராம் என்றொரு கம்பெனி 1943-லேயே 'கோஸ்ட்ஸ் ஆன் தி லூஸ்' என்று ஒரு படம் எடுத்திருக்கிறது. பேய்வீடு, கீழே அச்சு இயந்திரம், நாஜி ஒற்றர்கள், நடுவே பையன்கள் பட்டாளத்தின் கோமாளித்தனம். டிராகுலாவாக நடித்து உலகத்தையே மிரட்டிய பேலா லுகோசி அதில் ஒற்றர் தலைவர். இப்படிப் பத்து நாளில் படம் முடிக்கும் கம்பெனிகள் இருந்த பக்கத்துக்கு ஹாலிவுட்டில் வறுமையின் பெயரிலேயே ஒரு பட்டப்பெயர் இருந்ததாம். சேலம் அந்த அளவுக்கு ஏழையில்லை. டி. ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த கம்பெனி நூறு படத்துக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. முதல் மலையாளக் கலர் படம், 1961-ன் 'கண்டம் பெச்ச கோட்டு', அதுவும் அங்கிருந்துதான். இன்று ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

எங்கள் கொட்டகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூரை தகரம். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்ததென்றால் தகரத்தின் மேல் ஆயிரம் பேர் ஜல்லி கொட்டுகிற சத்தம். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் எங்களுக்கு எல்லாப் படமும் ஊமைப்படம். பாட்டுக்குப் பரவாயில்லை, இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். சண்டைக்கும் சத்தம் தேவையில்லை. மர்மப்படத்தில்தான் ஆபத்து. கடைசி ரீலில் எல்லாரையும் ஹாலில் நிறுத்திவைத்து, யார் கொன்றது, எப்படிக் கொன்றது, ஏன் கொன்றது என்று பத்து நிமிடம் பேசுவார்கள். கொலைகாரன் வாய் திறக்கிற நேரம் பார்த்து மழை வலுக்கும். "சவுண்டு! சவுண்டு!" என்று கத்துவோம். ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டுவார். ஸ்பீக்கரின் இரைச்சல் கூடும். கால் விரலிடுக்கில் ஏறிய அட்டையைப் பிய்த்துப்போடக்கூடத் தோன்றாமல் திரையில் அசையும் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்போது எல்லாத் தலையும் எங்கள் மாமா பக்கம் திரும்பும். தாய்மாமா, தேயிலை பாக்டரியில் வேலை. மாதம் ஒரு தடவை குமுளி வழியாக மலை இறங்கிக் கம்பத்துக்குச் சாமான் வாங்கப் போவார். கம்பத்தில் மழை கிடையாது. நம் பக்கம் கொட்டித் தீர்க்கிற மேகம் லோயர் கேம்ப் தாண்டினால் காலியாகிவிடும். ஆகவே அங்கே படங்கள் பேசும். அரிசி, மிளகாய், கருவாடு வாங்கிக் கட்டிவைத்துவிட்டு ஒரு படமும் பார்த்துவிட்டு வருவார். எங்கள் ஊருக்கு அந்தப் படம் வர மாதங்கள் ஆகும். வந்தவுடன் கம்பத்தில் பார்த்தவர் என்ற ஹோதாவில் மாமா பெஞ்சு டிக்கெட் எடுத்து நடுவில் உட்காருவார். அவர் கொட்டகைக்குள் வந்தால் வழி விடுவார்கள். பீடிக்கு நெருப்பு நீட்டுவார்கள்.

'நடு இரவில்' வந்தது இப்படி ஒரு மழையில்தான். வீணை எஸ். பாலசந்தர் எடுத்த படம். உலகம் அவரை வீணை வித்துவானாகத்தான் கும்பிட்டது, 1982-ல் பத்மபூஷணும் கிடைத்தது. மனிதர் 1954-ல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' இயக்கியவர். 1964-ல் பொம்மைக்குள் வெடிகுண்டை வைத்து 'பொம்மை' எடுத்தார். ஜேசுதாஸ் தமிழுக்குப் பாட வந்தது அந்தப் படத்தில்தான் என்பதால் எங்கள் ஊரில் இரண்டு பாஷைக்காரர்களும் அதற்குச் சொந்தம் கொண்டாடினார்கள். 'நடு இரவில்' அகதா கிறிஸ்டி சரக்கு. தனித்த வீடு, கூடியிருக்கும் சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சோ இருந்ததால் நடுநடுவே சிரிப்பும் உண்டு. எடுத்து முடித்துச் சில வருடம் பெட்டிக்குள் கிடந்து 1970-ல்தான் வெளியே வந்தது. எங்களிடம் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம்.

கடைசி ரீல். கூரை மேல் மழை. மாமா எழுந்து நின்றார்.

"இப்ப என்ன சொல்றான்னா, எனக்குச் சேர வேண்டிய பி.எஃப். பணத்தை இவங்கல்லாம் கூடித் தின்னுட்டாங்கன்னு சொல்றான்."

கொட்டகை முழுக்க "அட பாவமே" என்றது. பின்னாலிருந்து டீக்கடைச் சேட்டன் கேட்டார்: "அண்ணே, அயாள் எந்தா பறஞ்ஞது?"

"பிராவிடண்ட் ஃபண்டு, சேட்டா!"

"அய்யோ!" அவருக்கும் உடனே விளங்கிவிட்டது.

மாமாவின் உரையில் எல்லாக் கொலைக்கும் காரணம் பி.எஃப்., போனஸ், அல்லது பிடித்தம். எல்லாக் கொலையிலும் மூளை கணக்குப்பிள்ளையுடையது. படத்தில் கணக்குப்பிள்ளை என்று ஒரு பாத்திரமே இல்லையென்றால் கண்ணாடி போட்ட யாரையாவது மாமா அந்த வேலையில் அமர்த்திவிடுவார். டாக்டர், வக்கீல், ஜமீன்தாரின் மைத்துனர் எல்லாரும் அவர் கையால் கணக்குப்பிள்ளை ஆனவர்கள். மறுநாள் கொளுந்து நிறுக்கும் இடத்தில் நிஜக் கணக்குப்பிள்ளை தராசைப் பார்க்க, பெண்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பாவம், அவருக்குக் காரணம் புரிந்ததே இல்லை.

'திகம்பர சாமியார்' மறுவெளியீடாக வந்தபோதுதான் மாமா திணறினார். 1950 படம், மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல். வழக்கமாக வில்லனாக வரும் நம்பியார் அதில் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிகிறார், அதாவது நல்லவர். பாட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. "இரு, கடைசியில காட்டுவான்" என்று படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தாள். மாமா பாட்டி கட்சிக்குத் தாவினார். கம்பத்தில் இன்னொரு ரீல் ஓட்டியதாகவும், அதில் நம்பியார்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்லிவிட்டார்.

புத்தகத்தில் துப்பறிந்தவர் சங்கர்லால். தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பார், அவருடைய சங்கர்லால் தேநீர் குடிக்காமல் யோசிக்க மாட்டார். மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு கோப்பை கோப்பையாகக் குடிப்பார். அது எங்கள் பாக்டரித் தூளாகத்தான் இருக்கும், நல்ல தூளெல்லாம் வெளியூருக்குத்தான் போகிறது என்பது மாமாவின் துப்பு. எங்களுக்கு மாதாமாதம் அளந்து கொடுத்த தூளைப் போட்டுக் குடித்தால் யோசனை எதுவும் வராது.

இப்போது தம்பி வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு போன். லயத்துக் கூரை இன்றும் ஒழுகுகிறது, சிக்னல் மட்டும் நன்றாக வருகிறது. 'நடு இரவில்' படத்தை யூடியூபில் போட்டு, காதில் இயர்போனை அழுத்திக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு சொல் விடாமல் கேட்டேன். பி.எஃப். பற்றிப் பேச்சே இல்லை. யார் கொன்றது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் பார்க்கட்டும். பாலசந்தர் சொன்ன காரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கொட்டகையில் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

மலிவுப் படத்தில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைக்குள் பார்ப்பவன் தன் குடும்பம், கடன், மேஸ்திரி எல்லாவற்றோடும் நுழைந்து உட்கார்ந்துகொள்வான். இந்தக் காலத்து மர்மப்படத்தில் நுழைய இடமில்லை. உதாரணம் எங்கள் மாவட்டத்துக் கதையிலேயே இருக்கிறது. 2013-ல் ஜீத்து ஜோசப் எடுத்த 'திரிஷ்யம்'. கதை நடப்பது இடுக்கி ராஜாக்காட்டில். ஜார்ஜ்குட்டி நாலாம் கிளாசோடு படிப்பை நிறுத்தியவர், கேபிள் டிவி நடத்துகிறார், ராத்திரியெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து படம் பார்க்கிறார். குடும்பத்துக்கு ஆபத்து என்றதும் சினிமாவில் கற்றதையெல்லாம் எடுத்து விடுகிறார். பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட், ஓட்டல் பில், ஆகஸ்டு 2 என்ற தேதி, எல்லாம் பிசகில்லாமல் பொருந்துகின்றன. 2015-ல் கமல்ஹாசன் நடிக்க, 'பாபநாசம்' என்ற பெயரில் அதுவே தமிழுக்கு வந்தது. முதல் தரமான படம், எனக்கு மறுப்பில்லை. வெளியே வந்தால் பேசத்தான் ஒன்றும் இல்லை. எங்கள் தம்பி மனைவி மட்டும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டாள். தம்பி சட்டைப்பையில் பழைய பஸ் டிக்கெட் கிடந்தால் இப்போது விசாரணை உண்டு.

இன்னொரு கூத்து. அன்றைக்குக் காசில்லாததால் அப்படி எடுத்தார்கள், இன்றைக்கு அப்படி எடுப்பதற்குக் காசு வேண்டியிருக்கிறது. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தார், ஜெய்சங்கரின் குதிரை, துப்பாக்கி, தொப்பிப் படங்களைக் கேலியும் கும்பிடுமாக. பெரிய செட்டாகப் போட்டு அந்தப் பழைய ஏழ்மையைத் தத்ரூபமாகக் கொண்டுவந்தார்கள். ஜெய்சங்கர் 2000-த்திலேயே போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை படம் வந்தவர் அதைப் பார்த்திருந்தால், அந்த ஒரு செட்டில் நாலு வெள்ளிக்கிழமையை முடித்திருக்கலாமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

அதே 2000 வாக்கில் தேயிலை விலை விழுந்தது. பீர்மேடு வட்டாரத்தில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. மாமா வேலை பார்த்ததும் மூடியது. கடைசியில் மாமாவின் கதைதான் உண்மையாயிற்று. கிராஜுவிட்டி எங்கே, பிடித்த பணம் எங்கே, யாரிடம் கேட்பது என்று அவர் ஒரு பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகத் துப்பறிந்தார். ஒவ்வோர் அறையிலும் கண்ணாடி போட்ட ஒருவர் வேறோர் அறையைக் காட்டினார். மழையில்லாத நாளில்தான் போவார், அவர்கள் பேசுவது காதில் நன்றாகத்தான் விழுந்தது. விளங்கத்தான் இல்லை. இந்தப் படத்தின் கடைசி ரீலைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

பாழடைந்த பங்களாக்களுக்கு மட்டும் இப்போது கிராக்கி. பனி, தேயிலைச் சரிவு, ஓடு சரிந்த பங்களா எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் மர்மத் தொடர் எடுக்க வருகிறார்கள். அன்று நிலவறையில் கள்ளநோட்டு அடித்தவன் இருந்த இடத்தில் இன்று ஜெனரேட்டரும் கேரவனும். போன வருடம் தம்பி மகனுக்கு அதில் ஒரு வேஷம் கிடைத்தது. பிணம். தேயிலைப் புதருக்கடியில் குப்புறக் கிடக்க வேண்டும், முதுகில் ரத்தம். ஒரு பகல் கிடந்ததற்கு அவன் அம்மா நாளெல்லாம் கொளுந்து பறித்து வாங்கும் கூலியைவிட அதிகம் கொடுத்தார்கள், சாப்பாடு தனி. கதையை வெளியில் சொல்லக் கூடாதென்று காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சொல்வதற்கு அவனுக்குக் கதை தெரிந்தால்தானே. தொடரும் வந்துவிட்டது, ஆனால் பார்ப்பதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஆகத் தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்கு இன்னும் தெரியாது.

அவன் கவலை அதுவுமில்லை. "ரெண்டாவது சீசன் எடுக்க வர்றாங்களாம் பெரியப்பா. எனக்கு வேஷம் இருக்கும்ல?"

"செத்தவனுக்கு ஏதுடா வேஷம்?"

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு வச்சுக்கலாமே. ஒரு மருவ மட்டும் ஒட்டிட்டாப் போதும்."